முழுக்கட்டுரை திறக்கவில்லையா? அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழி

பல்கலைக்கழக நூலகத்தின் வழியாக ஆய்வுக்கட்டுரை தேடுவோருக்கு நேரும் தடை பெரும்பாலும் ஒரே தோற்றத்தில்தான் வரும். கட்டுரையின் தலைப்பும் ஆய்வுச்சுருக்கமும் திரையில் தெரியும். அவற்றின் கீழே டாலரில் விலை குறித்த ஒரு பொத்தான் இருக்கும். அந்தப் பொத்தானைக் கண்டதும் "நம் நூலகத்தில் இது இல்லை" என்று முடிவுகட்டி விடுவதே பலர் செய்யும் முதல் தவறு. விலை கேட்கும் பக்கம் நூலகத்தின் நிலையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. உங்களைப் பதிப்பகத்தின் கணினி இன்னாரென்று அறியாதபோதும், அறிந்தும் அந்த இதழுக்கோ ஆண்டுக்கோ சந்தா இல்லாதபோதும் அதே பக்கம்தான் வரும். இவற்றோடு மூன்றாவதாக, கையிலிருக்கும் மேற்கோள் குறிப்பே பிழையாக இருப்பதும் உண்டு. மூன்றுக்கும் மருந்து வேறுவேறு என்பதால், எது நோய் என்று தெரியாமல் கடவுச்சொல்லை மாற்றிப் பார்ப்பதும், உலாவியை மாற்றிப் பார்ப்பதும், தோழரிடம் கேட்டுப் பார்ப்பதுமாக ஒரு வாரத்தைக் கழிப்பதில் பயனில்லை.

ஆகவே எதையும் சரிசெய்ய முனைவதற்கு முன் ஐந்து நிமிடத்தில் முடியும் ஒரு சோதனையைச் செய்துவிட வேண்டும். திறக்காத கட்டுரை வெளிவந்த அதே இதழில், அதே ஆண்டைச் சேர்ந்த வேறொரு கட்டுரையைத் திறந்து பாருங்கள். அது திறந்தால் உங்கள் அடையாளத்தில் குறையில்லை. சிக்கல் அந்த ஒரு கட்டுரையில் மட்டும் உள்ளது. அதுவும் திறக்காவிட்டால் அதே இதழின் வேறோர் ஆண்டையும், பிறகு அதே பதிப்பகத்தின் வேறோர் இதழையும், கடைசியாக உங்கள் நூலகம் சந்தா செலுத்துவதாக உறுதியாகத் தெரிந்த முற்றிலும் வேறொரு பதிப்பகத்தின் தளத்தையும் வரிசையாகத் திறந்து பாருங்கள். ஆண்டு மாறியதும் திறந்தால் கோளாறு சந்தாவின் கால எல்லையில் இருக்கிறது. இதழ் மாறியதும் திறந்தால் அந்த இதழுக்குச் சந்தா இல்லை. பதிப்பகம் மாறியதும் திறந்தால் அந்தப் பதிப்பகத்தோடான ஏற்பாட்டில் இருக்கிறது. எங்கு போனாலும் திறக்கவில்லையென்றால் உங்கள் இணைப்பிலோ கணக்கிலோ இருக்கிறது. இந்தச் சோதனைக்கு இலவச இதழ்களின் கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அவை யாருக்கும் திறக்கும் என்பதால் முடிவு பொய்யாகிவிடும்.

வளாகத்திற்குள் இருந்தும் எதுவும் திறக்கவில்லை

பதிப்பகத்தின் கணினிக்கு உங்கள் முகமோ பெயரோ தெரியாது. நீங்கள் வரும் ஐபி முகவரி, அதாவது உங்கள் இணைய இணைப்புக்குரிய எண், மட்டுமே தெரியும். பல்கலைக்கழகம் தனக்கு ஒதுக்கப்பட்ட முகவரிகளின் பட்டியலைப் பதிப்பகத்திடம் கொடுத்திருக்கும். அந்தப் பட்டியலுக்குள் இருந்து வருபவருக்குக் கதவு திறக்கும். பெரும்பாலான பதிப்பகத் தளங்களில் பக்கத்தின் மேற்புறத்தில் நிறுவனத்தின் பெயர் காட்டப்படும். அங்கே உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லையென்றால் நீங்கள் வளாகத்தின் மரத்தடியில் அமர்ந்திருந்தாலும் பதிப்பகத்தைப் பொறுத்தவரை வெளியாள்தான்.

இதற்கு மிக எளிய காரணம், மடிக்கணினி வளாக வைஃபையை விட்டுக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டுக்குத் தாவியிருப்பது. அடுத்த காரணம், திரைப்படம் பார்ப்பதற்காக என்றோ நிறுவிய விபிஎன் செயலி பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பது. அது உங்களைச் சிங்கப்பூரிலோ நெதர்லாந்திலோ இருப்பதாகக் காட்டும். முகவரியை மறைக்கும் வசதிகள் சில கருவிகளிலும் உலாவிகளிலும் உள்ளமைந்தே வருவதால் அவற்றையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். விடுதிக்கென்று தனி நிறுவனத்திடம் இணைய இணைப்பு வாங்கியிருக்கும் வளாகங்களில், துறையில் திறக்கும் கட்டுரை விடுதியில் திறக்காமல் போவதற்கு அந்த இணைப்பின் முகவரி பட்டியலில் சேராதிருப்பதே காரணம்.

இவை எதுவும் பொருந்தவில்லை, துறையில் உள்ள அனைவருக்கும் ஒரே நாளில் எல்லாப் பதிப்பகங்களும் அடைபட்டுவிட்டன என்றால், பல்கலைக்கழகம் இணைய இணைப்பு தரும் நிறுவனத்தை மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். புதிய நிறுவனம் புதிய முகவரிகளைத் தரும். கணினி மையத்தார் அதை நூலகத்திற்குத் தெரிவிக்க மறந்திருப்பார்கள். பதிப்பகங்கள் பழைய பட்டியலோடே காத்திருக்கும். என் அனுபவத்தில், நூலகத்தின் மீது வரும் பெரும் புகார்களில் பாதி இந்த இரண்டு அலுவலகங்களுக்கு இடையில் அனுப்பப்படாத ஒரு மின்னஞ்சலில்தான் முடிகின்றன. உங்கள் ஐபி முகவரியைக் காட்டும் தளம் ஒன்றைத் திறந்து, அந்த எண்ணையும், திறக்காத பக்கத்தின் திரைப்பிடிப்பையும், நாள் நேரத்தையும் சேர்த்து நூலகத்திற்கு அனுப்புங்கள். "வேலை செய்யவில்லை" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு நூலகரால் பதிப்பகத்திடம் எதுவும் பேச முடியாது. அந்த எண் இருந்தால் அன்றே பேச முடியும்.

நேற்றுவரை திறந்தது, ஒரே ஒரு பதிப்பகம் மட்டும் இன்று அடைத்துவிட்டது என்றால் காரணம் வேறு. யாரோ ஒருவர் நிரல் எழுதியோ, தரவிறக்கச் செயலியைக் கொண்டோ நூற்றுக்கணக்கான கட்டுரைகளை ஒரேயடியாக இறக்கியிருப்பார். பதிப்பகம் அதைக் கண்டு அந்த முகவரியையே தற்காலிகமாக முடக்கியிருக்கும். ஒரே முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்வதால் தண்டனை எல்லோருக்கும் கிடைக்கிறது. இதை நூலகமே விளக்கம் எழுதித் தீர்க்க வேண்டும்; நீங்கள் செய்யக்கூடியது உடனே தெரிவிப்பதும், அதைச் செய்தவர் நீங்களாக இருந்தால் ஒப்புக்கொள்வதும்தான்.

வீட்டிலிருந்து நுழைய முடியவில்லை

வளாகத்திற்கு வெளியே இருக்கும்போது ஐபி முகவரி உதவாது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் இதற்குப் பரவலாகப் பயன்படுவது, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இன்ஃபெட் என்னும் கூட்டு அடையாள ஏற்பாடு. பதிப்பகத்தின் தளத்தில் "நிறுவனத்தின் வழியாக நுழைக" என்ற பொருள்படும் இணைப்பை அழுத்தி, இன்ஃபெட் கூட்டமைப்பையும் அதற்குள் உங்கள் நிறுவனத்தையும் தேர்ந்தெடுத்தால், உங்கள் பல்கலைக்கழகத்தின் நுழைவுப் பக்கம் வரும். அங்கே கொடுக்கும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பதிப்பகம் பார்ப்பதில்லை. சில பல்கலைக்கழகங்கள் இதற்குப் பதிலாகப் பிராக்சி (பல்கலைக்கழகத்தின் இடைநிலைக் கணினி வழியாகச் செல்லும்) வழியையோ தொலைநிலை அணுகல் செயலியையோ வைத்திருக்கும்.

நிறுவனத்தின் பெயரே பட்டியலில் கிடைக்கவில்லை என்பவர்கள், பெயரின் ஆங்கில வடிவம் "யுனிவர்சிட்டி ஆஃப்" என்று தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தை "எம்" வரிசையில் தேடிக்கொண்டிருப்பது இப்படிப்பட்ட பிழை. பெயர் மாற்றப்பட்ட பல்கலைக்கழகங்களைப் பழைய பெயரிலும் தேடிப் பார்க்கலாம்.

கோரிக்கை காலாவதியாகிவிட்டது என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி ஒன்று வந்தால் பதற வேண்டியதில்லை. நுழைவுப் பக்கத்தை உலாவியில் புத்தகக்குறியாகச் சேமித்துவைத்து அங்கிருந்து தொடங்கினாலும், பின்செல்லும் பொத்தானை அழுத்தினாலும் இச்செய்தி வரும். நுழைவுப் பக்கம் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கப்படுவது. நேற்றைய முகவரி இன்று செல்லாது. எப்போதும் நூலகத்தின் பக்கத்திலிருந்தோ கட்டுரையின் பக்கத்திலிருந்தோ தொடங்குங்கள். அப்படியும் வந்தால் குக்கீகளை நீக்கிவிட்டோ, உலாவியின் தனிச் சாளரத்திலோ முயன்று பாருங்கள்.

நுழைவு வெற்றி, ஆனால் கட்டுரை மட்டும் பூட்டியே இருக்கிறது என்பது சற்றுச் சிக்கலான அறிகுறி. இங்கே கடவுச்சொல் சரி. ஆனால் உங்கள் கணக்கு எந்த வகையைச் சேர்ந்தது என்ற செய்தி பதிப்பகத்திற்குப் போகவில்லை, அல்லது அந்த வகைக்கு உரிமை இல்லை. பதிவு புதுப்பிக்கப்படாத பகுதிநேர ஆய்வாளர்களுக்கும், பட்டம் முடித்துச் சென்றவர்களுக்கும் இது நேரும். தமிழ்நாட்டில் இன்னொரு வகையினரும் உண்டு: பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்துகொண்டு, இணைவுபெற்ற கல்லூரி ஒன்றின் ஆய்வு மையத்தில் பணிபுரிவோர். பல்கலைக்கழகத்தின் சந்தா இணைவுபெற்ற கல்லூரிகளுக்குத் தானாகவே நீள்வதில்லை. இவர்கள் தங்கள் பதிவு ஆணையைக் காட்டிப் பல்கலைக்கழக நூலகத்திடமே தனிக்கணக்கு கிடைக்குமா என்று கேட்க வேண்டும். நெறியாளரின் கணக்கைக் கடன் வாங்குவது எளிய வழியாகத் தோன்றினாலும், ஒரே கணக்கு இரண்டு ஊர்களிலிருந்து திறக்கப்படுவதைக் கண்டு கணக்கே முடக்கப்படும்போது நெறியாளரின் வேலையும் நின்றுவிடும்.

பக்கத்துக் கல்லூரியில் திறக்கிறது, எங்களுக்குத் திறக்கவில்லை

2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்திற்குப் பிறகு இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. 2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த இத்திட்டத்திற்கு 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கப்பட்டது. எல்செவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ், சேஜ் உள்ளிட்ட 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் இதில் அடங்கும். ஆனால் இது ஒன்றிய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரிய திட்டம்; 6,300க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு என்று அறிவிக்கப்பட்டது. சுயநிதிக் கல்லூரிகளுக்கும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் இந்த ஏற்பாடு எட்டவில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் திறக்கும் ஓர் இதழ் எதிரே உள்ள பெரிய பொறியியல் கல்லூரியில் திறக்காமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அரசு நிறுவனத்தில் இருந்தும் திறக்கவில்லையென்றால், உங்கள் நிறுவனம் இன்ஃப்ளிப்நெட்டில் பதிவை முடித்ததா, ஐபி முகவரிகளைக் கொடுத்ததா, பொறுப்பு அலுவலரை நியமித்ததா என்று கல்லூரி நூலகரிடம் கேளுங்கள். தகுதி இருப்பதும் இணைப்பு செயல்படுவதும் ஒன்றல்ல. தகுதி இல்லாத நிறுவனத்தில் இருப்பவர்கள், அருகில் உள்ள அரசுப் பல்கலைக்கழக நூலகத்திற்கு நேரில் சென்று அங்குள்ள கணினியில் படிக்க அனுமதி உண்டா என்று விசாரிக்கலாம். பதிப்பக உரிமங்கள் பலவற்றில் நூலகத்திற்கு நேரில் வருவோருக்கும் இடம் தரப்பட்டிருக்கிறது. போகுமுன் அடையாள அட்டையும் துறைத்தலைவரின் கடிதமும் கையில் இருக்கட்டும்.

இதழ் இருக்கிறது, வேண்டிய ஆண்டு இல்லை

புதிய ஆண்டுகள் திறந்து பழையவை திறக்காவிட்டால், சந்தா குறிப்பிட்ட ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது என்று பொருள். பழைய தொகுதிகளைப் பல பதிப்பகங்கள் தனி விலைக்கே விற்கின்றன. பழையவை திறந்து புதியவை திறக்காவிட்டால் அது காலத்தடை. ஜேஸ்டோர் போன்ற காப்பகங்களில் பல இதழ்களின் மிக அண்மைய மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வைக்கப்படுவதில்லை. ஆண்டு நகர நகர இந்தத் தடையும் நகரும். இங்கே இடையில் ஒரு வழி உண்டு. ஒரே இதழ் பதிப்பகத்தின் தளத்தில் ஒரு காலப்பகுதிக்கும், வேறொரு காப்பகத்தில் இன்னொரு காலப்பகுதிக்கும் இருக்கலாம். நூலகத்தின் இதழ்ப் பட்டியலில் கட்டுரையின் தலைப்பை இடாமல் இதழின் பெயரை இட்டுத் தேடினால், எந்தத் தளத்தில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பது வரிசையாகத் தெரியும். இதழ் பெயர் மாறியிருந்தால் பழைய பெயரையும் தேட வேண்டும்.

ஸ்கோபஸில் கண்டேன், ஆனால் படிக்க முடியவில்லை

ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் கட்டுரைகளைப் பற்றிய பட்டியல்கள். கட்டுரைகளை வைத்திருக்கும் இடங்கள் அல்ல. அவற்றுக்குச் சந்தா இருப்பதாலேயே அவற்றில் தெரியும் கட்டுரைகளுக்கும் உரிமை வந்துவிடாது. கூகுள் ஸ்காலரும் அப்படியே. அதன் அமைப்புகளுக்குள் நூலக இணைப்புகள் என்ற பகுதியில் உங்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்த்துவைத்தால், அந்த ஏற்பாட்டைச் செய்துள்ள நூலகங்களின் இணைப்பு ஒவ்வொரு முடிவின் அருகிலும் தோன்றும். முடிவின் கீழே எல்லாப் பதிப்புகளையும் காட்டும் சிறிய இணைப்பை அழுத்தினால், ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் கிடக்கும் இலவசப் படி பல முறை அகப்படும். அன்பேவால் என்னும் உலாவி நீட்சியும் இதையே தானாகச் செய்யும். சட்டப்படியான இலவசப் படி கிடைத்தால் பக்கத்தின் ஓரத்தில் பச்சைப் பூட்டு ஒன்று திறந்து நிற்கும். மருத்துவ, உயிரியல் கட்டுரைகளுக்குப் பப்மெட் சென்ட்ரலையும், இயற்பியல், கணிதக் கட்டுரைகளுக்கு 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவையும் முதலில் பார்ப்பது நல்லது.

இப்படிக் கிடைப்பது இதழில் அச்சான இறுதி வடிவமா, ஏற்கப்பட்ட கைப்பிரதியா, மதிப்பீட்டுக்கு முந்தைய வடிவமா என்று முதல் பக்கத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். கைப்பிரதியின் பக்க எண்கள் இதழின் பக்க எண்கள் அல்ல. அவற்றை மேற்கோளில் இட்டால் வாய்மொழித் தேர்வில் சங்கடப்பட நேரிடும். சில நேரம் எவ்வளவு தேடினாலும் முழுக்கட்டுரை கிடைக்காததற்குக் காரணம், அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை என்பதுதான். மாநாட்டுச் சுருக்கங்களை இதழ்கள் சிறப்பிதழாக வெளியிடும்போது ஒவ்வொரு சுருக்கமும் பட்டியல்களில் தனிக் கட்டுரையைப் போலவே இடம்பெற்றுவிடும். பக்க எண் ஒன்றே ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

டிஓஐ எண்ணை இட்டால் எதுவும் வரவில்லை

டிஓஐ என்பது இணையத்தில் ஒரு கட்டுரைக்குத் தரப்படும் நிலையான அடையாள எண். அது 10 என்று தொடங்கி, ஒரு புள்ளி, பதிப்பகத்திற்குரிய எண், சாய்கோடு, அதன்பின் கட்டுரைக்குரிய குறியீடு என்று அமையும். பிடிஎஃப் கோப்பின் துணைநூற்பட்டியலிலிருந்து நகலெடுக்கும்போது வாக்கிய முடிவின் புள்ளி கடைசியில் ஒட்டிக்கொள்வதும், வரி மடியும் இடத்தில் இல்லாத இணைகோடு நுழைவதும், அடைப்புக்குறி பாதியில் அறுபடுவதும் வழக்கம். 1990களின் இறுதியைச் சேர்ந்த சில குறியீடுகளில் கோண அடைப்புகளும் அரைப்புள்ளிகளும் எண்ணின் பகுதியாகவே இருப்பதால், அவற்றைப் பிழை என்று எண்ணி நீக்கவும் கூடாது. எண் உதவாவிட்டால், டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் தளத்தில் கட்டுரைத் தலைப்பை இட்டுத் தேடுங்கள்.

அங்கும் இல்லையென்றால், அந்த இதழின் தளத்திற்குச் சென்று, குறிப்பில் உள்ள தொகுதியின் உள்ளடக்கத்தைத் திறந்து, அந்தப் பக்க எண்ணில் என்ன கட்டுரை இருக்கிறது என்று பாருங்கள். அங்கே வேறொருவரின் வேறொரு கட்டுரை இருந்தால், குறிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் உண்மையான இதழின் பெயரையும், அத்துறையில் உண்மையாகவே எழுதும் ஒருவரின் பெயரையும் சேர்த்து, எழுதப்படாத கட்டுரை ஒன்றுக்குக் குறிப்பு தரக்கூடியவை. இத்தகைய குறிப்புகளைப் பதிப்பகத்தின் தளத்தில் கண்ணால் காணும்வரை, நூலகத்திடம் கட்டுரை கேட்கும் கோரிக்கைப் படிவத்தில் எழுதாதீர்கள்.

தமிழியல் கட்டுரைகள் தேடலில் அகப்படவில்லை

இது பதிப்பகத்தின் குற்றமோ சந்தாவின் குற்றமோ அல்ல, எழுத்துக்கூட்டலின் குற்றம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஒலிபெயர்ப்பு முறையைப் பின்பற்றுவோர் சிலப்பதிகாரத்தை ஆங்கில "சி" எழுத்தில் தொடங்கி, நடுவில் "டி" (t) எழுத்தால் எழுதுவர். மற்றவர்கள் "எஸ்" எழுத்தில் தொடங்குவர். அவர்களிலும் சிலர் அதனோடு "எச்" சேர்ப்பர், நடுவில் "டி" இடத்தில் "டிஎச்" (th) இடுவோரும் உண்டு. சங்கம் என்ற சொல்லும் அப்படியே "சி"யிலும் "எஸ்"ஸிலும் திரிகிறது. ழகரத்திற்குக் கீழ்க்கோடிட்ட "எல்" எழுத்தும் "இஸட்எச்" கூட்டும் வழங்குகின்றன. பழைய இதழ்களை வருடி எழுத்துணரி வழியாக ஏற்றும்போது அந்தக் கீழ்க்கோடும் நெடில் கோடும் தவறாகப் படிக்கப்பட்டுச் சொல்லே சிதைந்திருக்கும். ஆகவே நூலின் பெயரை ஒரே வடிவில் இட்டுவிட்டு "யாரும் எழுதவில்லை" என்று ஆய்வு இடைவெளி காண்பது ஆபத்தானது. எல்லா வடிவங்களையும், 'அல்லது' என்று பொருள்படும் "ஆர்" (OR) என்ற ஆங்கில இணைப்புச் சொல்லால் கோத்துத் தேடுங்கள். அதோடு நூலின் பெயரை விட்டு, கட்டுரையாசிரியரின் பெயராலும் தேடுங்கள்.

1952இல் தனிநாயகம் அடிகள் தொடங்கிய "தமிழ் கல்ச்சர்" போன்ற பழைய இதழ்களின் கட்டுரைகள் பலவற்றுக்கு டிஓஐ எண்ணே இருக்காது. இவற்றுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும், இலங்கை வெளியீடுகளுக்கு "நூலகம்" என்னும் பெயருள்ள இணையதளத்தையும், அச்சுப் படிகளுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் நாட வேண்டும். கட்டுரை கிடைக்காவிட்டாலும் அதே ஆசிரியரின் முனைவர் பட்ட ஆய்வேடு ஷோத்கங்கா என்னும் இந்திய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் இயல் இயலாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கக்கூடும். பெரும்பாலும் அந்தக் கட்டுரையின் விரிந்த வடிவம் அதன் ஏதோ ஓர் இயலில்தான் இருக்கும்.

கோரிக்கை அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது

மேற்கண்டவற்றில் எதுவும் உதவாதபோது, நூலகங்களுக்கிடையிலான பரிமாற்றத்தின் வழியாக வேண்டுவதே அடுத்த படி. உங்கள் நூலகம் டெல்நெட் போன்ற கூட்டமைப்பின் உறுப்பினராக இருந்தால், வேறொரு நூலகத்திலிருந்து கட்டுரையின் படியை வருவித்துத் தரும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு, ஆராய்ச்சி உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகைக்கு இடம் தருகிறது; அதன் பொருட்டே ஒரு கட்டுரை கேட்டால் தருவார்கள், ஓர் இதழ் முழுவதையும் கேட்டால் மறுப்பார்கள். சட்டத்திற்குப் புறம்பான தளங்களை நம்பி இருந்தவர்களுக்கு அந்தக் கதவும் ஒடுங்கிவிட்டது. சை-ஹப் தளத்தை இந்தியாவில் முடக்கும்படி 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

கோரிக்கை திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் முழுமையற்ற குறிப்பே காரணம். ஆசிரியர் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழின் சுருக்கப்படாத முழுப்பெயர், இதழை அடையாளம் காட்டும் எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் எண், ஆண்டு, தொகுதி, இதழ் எண், தொடக்க, முடிவுப் பக்கங்கள், இருந்தால் டிஓஐ ஆகியவற்றைப் படிவத்தில் எழுதுங்கள். இதழ்ப் பெயரின் சுருக்கம் இரண்டு மூன்று இதழ்களுக்குப் பொதுவாக இருக்கக்கூடும் என்பதால் சுருக்கத்தை மட்டும் தருவது நூலகரை ஊகிக்க வைக்கும். "எங்கள் நூலகத்திலேயே இருக்கிறது" என்ற பதிலோடு திரும்பி வந்தால் வருந்த வேண்டாம். அச்சுப் படியாக அடுக்கில் இருக்கிறது என்பதே அதன் பொருளாக இருக்கலாம். படியேறிப் போய்ப் பாருங்கள்.

காத்திருக்கும் நாட்களில் கட்டுரையாசிரியருக்கே எழுதலாம். ஆய்வுச்சுருக்கப் பக்கத்தில் தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். நீங்கள் யார், எந்த ஆய்வுக்காக வேண்டும் என்பதை நான்கு வரியில் எழுதி, கட்டுரையின் முழுக்குறிப்பையும் சேர்த்து அனுப்பினால் பலர் மனமுவந்து அனுப்புவார்கள். பதில் வராவிட்டால் முகவரி பழையதாக இருக்கலாம். அவர் இப்போது பணிபுரியும் நிறுவனத்தின் பக்கத்தில் தேடி மறுமுறை எழுதுங்கள், அல்லது இணையாசிரியருக்கு எழுதுங்கள்.

படி வந்து சேர்ந்த அன்றே அதைத் திறந்து, முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம்வரை, அட்டவணைகளும் படங்களும் உட்பட எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். அச்சு இதழிலிருந்து வருடிய படிகளில் இரட்டைப் பக்கத்தின் ஓரம் தையலுக்குள் மறைந்திருப்பதும், மடித்து வைத்த வரைபடம் விரிக்கப்படாமலே வருடப்பட்டிருப்பதும் உண்டு. பதிவிறக்க இணைப்பாக அனுப்பப்பட்ட படி சில நாட்களில் காலாவதியாகிவிடும். விடுபட்ட பக்கத்தை அந்த நாட்களுக்குள் சொன்னால் அதே கோரிக்கை எண்ணிலேயே மீண்டும் கேட்டு வாங்கித் தருவார்கள்.